பழைய வீடும் புதிய விளக்கும்

1970, 80-களில் நம் நகரங்களில் கட்டப்பட்ட வீடுகள் இப்போது அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து, ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. தரைக்கு டைல்ஸ், சமையலறைக்கு அலமாரி, கூரைக்கு ஃபால்ஸ் சீலிங் எனப் பட்டியல் நீள்கிறது. அதில் மிகக் குறைந்த யோசனையுடன் முடிவு செய்யப்படுபவை விளக்குகள். வீட்டின் அடுத்த இருபது ஆண்டு மின்செலவில் ஒரு கணிசமான பகுதி அந்த முடிவைப் பொறுத்தது.

எல்இடி பல்பின் விலைச்சரிவு நம் காலத்தின் அரிய பொருளாதார நிகழ்வுகளுள் ஒன்று. 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டம் தொடங்கப்பட்ட காலத்தில் கடைகளில் 300 ரூபாய்க்கு மேல் விற்ற பல்பு, சில ஆண்டுகளிலேயே 70 ரூபாய்க்குக் கிடைத்தது. பொதுத்துறை நிறுவனமான இஇஎஸ்எல் கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்து, 36 கோடிக்கும் அதிகமான பல்புகளை விநியோகித்தது.

மொத்தக் கொள்முதலே இவ்வெற்றிக்குக் காரணம் எனப் பலரும் எழுதிவிட்டனர். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: நம் வீட்டு ஹோல்டர். இரு முளைகளைச் செருகித் திருப்பும் அந்த எளிய சாதனம் தலைமுறைகளாக மாறவில்லை. குண்டு பல்பைக் கழற்றி சிஎஃப்எல் மாட்டினோம்; அதைக் கழற்றி எல்இடி மாட்டினோம். சுவரை உடைக்கவில்லை, மின்பணியாளரை அழைக்கவில்லை. எந்த நிறுவனத்தின் பல்பும் எந்த வீட்டிலும் பொருந்தியதால்தான் போட்டி ஏற்பட்டது. போட்டியால் விலை குறைந்தது.

வீட்டைப் புதுப்பிக்கும்போது இந்தப் பொதுத்தரத்தைத்தான் நாம் முதலில் அப்புறப்படுத்துகிறோம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பழைமையான எங்கள் வீட்டில் வேலை நடந்தபோது, கூடத்துக்கு மட்டும் 12 பேனல் விளக்குகள் என வரைபடம் வந்தது. அவற்றுள் ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று கேட்டேன். 'முழுசா மாத்திடலாம் சார்' என்றார் மின்பணியாளர். அதே துளை அளவில், அதே ஒளி நிறத்தில், அதே மாடல் அன்றைக்குக் கடையில் இருக்குமா என்றேன். சிரித்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டார்.

இத்தகைய விளக்குகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஒளிதரும் சில்லு அன்று. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் 'டிரைவர்' எனும் சிறு மின்னணுப் பகுதியே. அதற்காக முழு விளக்கையும் தூக்கி எறிவது, திரி கருகியதற்காகக் குத்துவிளக்கை வீசுவது போன்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிகள், தொழில்நுட்பக் காரணம் இருந்தாலன்றி, ஒளிமூலத்தையும் அதன் மின் கட்டுப்பாட்டுப் பகுதியையும் சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்றக்கூடியதாக விளக்குச் சாதனங்கள் இருக்க வேண்டும் என்கின்றன. நம் நாட்டில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து மத்திய அரசு பேசத் தொடங்கியுள்ளது. அந்தப் பேச்சில் கூரை விளக்குக்கும் இடம் வேண்டும்.

சேமிப்புக் கணக்கையும் பார்ப்போம். பழைய 40 வாட் குழல்விளக்கு, இரும்புச் சோக்குடன் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கு மாற்றான 20 வாட் எல்இடி, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால், இரு மாதங்களில் சுமார் 11 யூனிட் மிச்சமாகும். எங்கள் கூடத்தில் இருந்தவை அத்தகைய இரண்டு. மொத்தம் 100 வாட்டுக்குச் சற்று மேல். வரைபடத்திலிருந்த 12 பேனல்கள், தலா 12 வாட் வீதம், 144 வாட்! எல்லாவற்றையும் எரியவிட்டால் பழைய கூடத்தைவிடக் கூடுதல். நிலக்கரியைத் திறம்படப் பயன்படுத்தினால் அதன் நுகர்வு குறையாது, கூடும் என்று 1865-இல் ஜெவன்ஸ் எழுதியதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கூரையில் அதை வரைந்து காட்டியவர் எங்கள் ஒப்பந்தக்காரர்தான். நான்கு பேனல்களோடு நிறுத்திக்கொண்டோம்.

மிச்சமான பணம் மின்விசிறிகளுக்குச் சென்றது. 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி விசிறி, நாளுக்கு 15 மணி நேரம் சுழன்றால் இரு மாதங்களில் 40 யூனிட் மிச்சம். அதாவது ஒரு விசிறி, ஏறத்தாழ நான்கு குழல்விளக்குகளுக்குச் சமம். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் தமிழகத்தில், எல்லைக்கோட்டில் நிற்கும் குடும்பங்களுக்கு இது சிறு தொகை அன்று.

இவையெல்லாம் சொந்த வீட்டுக்காரரின் கணக்கு. வாடகை வீட்டில் விளக்கையும் விசிறியையும் வாங்க வேண்டியவர் உரிமையாளர். மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். செலவு ஒருவருக்கு, பயன் மற்றவருக்கு என்றால் மாற்றம் நிகழாது. யூனிட்டுக்கு ஒரே விலை வைத்து வசூலிக்கும் உரிமையாளருக்கோ, குடியிருப்பவர் மிச்சம் பிடிப்பதால் எந்த ஆதாயமும் இல்லை. பழைய சோக்குகளின் ரீங்காரம் இன்று மிகுதியாகக் கேட்பது வாடகைக் குடியிருப்புகளில்தான். பல்பைக் குடும்பங்களுக்கு நேரடியாக விற்ற அரசு, இந்த முடிச்சை இன்னும் தொடவில்லை. வாடகை ஒப்பந்தத்திலேயே விளக்கு, விசிறிகளின் வாட் அளவைக் குறிப்பிடுவது ஒரு தொடக்கமாக இருக்கலாம்.

விளக்கை மாற்றும்போது அதன் பின்னுள்ள ஒயரையும் பார்க்க வேண்டும். மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங்கில் விளக்குப் புள்ளிகளுக்கு எர்த் இணைப்பு இருப்பது அரிது. மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டிக்கும் ஆர்சிசிபி, அலங்கார விளக்குகளுக்கு முன் வாங்க வேண்டியது.

கழற்றப்பட்ட குழல்விளக்குகள் எங்கே போகின்றன? அவற்றுள் பாதரசம் உண்டு. 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் அவற்றையும் உள்ளடக்கி, பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. எங்கள் தெருவிலோ, குப்பை வண்டியில் எறியப்பட்டு உடையும் குழல்களைத் தூய்மைப் பணியாளர் கையால்தான் அள்ளுகிறார். புதிய விளக்கை விற்கும் கடையே பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து கழற்றிய ஒன்பது குழல்களுக்கு மூன்று கடைகளில் விசாரித்தாயிற்று. அவை இப்போதைக்கு மாடிப்படியின் அடியில் சாய்ந்து நிற்கின்றன.