மலிவு விலையில் பழைய துப்பாக்கி: வம்பு யார் தலையில்?

பெங்களூருவில் துப்பாக்கிக் கடைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பழைய 12 போர் துப்பாக்கிகள் சுவரோரம் வரிசையாகச் சாத்திக் கிடக்கின்றன. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் இரண்டும் உண்டு. விலை கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. நாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியும் செல்போன் விலைக்கே ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வந்துவிடும் என்கிறார்கள்.

விலை இப்படி இறங்கியதும் நம்மவர்களிடையே ஓர் ஆசை கிளம்பியிருக்கிறது. “ஊருக்குப் போகும்போது முயல், கௌதாரி என்று இரண்டு சுடலாமே”, “எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பக்கம் போனால் என்ன?” என்று கேட்கிறார்கள். பார்சல் ஆபீசில் இருக்கும் என்னிடம் வேறு ஒரு கேள்வியும் வருகிறது: “சார், துப்பாக்கியை ரெயிலில் கொண்டுபோக விடுவீங்களா?”

ரெயிலில் கொண்டுபோவது கடைசிக் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை பல இருக்கின்றன.

விலை ஏன் குறைந்தது?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். மூன்றாவதை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பாட்டன் காலத்துத் துப்பாக்கிகளைப் பரணில் வைத்திருந்த குடும்பங்கள் கடைக்கு ஓடின.

இன்னொரு காரணமும் உண்டு. துப்பாக்கிக்காரர் இறந்து போகிறார். மகன் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்குத் துப்பாக்கி எதற்கு? தன் பெயருக்கு லைசென்சு வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு விருப்பம் இல்லை. லைசென்சு இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலோ குற்றம். ஆகவே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

விற்பவர் பலர், வாங்கத் தகுதி உள்ளவர் சிலர். இரும்பு மலிவாகிவிட்டது. லைசென்சு மட்டும் மலிவாகவில்லை.

லைசென்சு முதலில், துப்பாக்கி பிறகு

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பிறகு லைசென்சுக்கு எழுதிப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி வழியே இல்லை. 21 வயது நிரம்பியவர், தாம் குடியிருக்கும் இடத்தின் அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். பெங்களூரு நகரத்துக்குப் போலீஸ் கமிஷனர், மற்ற மாவட்டங்களுக்கு டி.சி. மனு போலீஸ் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து அறிக்கை வர வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும் சான்று கேட்பார்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. வாடகை வீடு, வருஷத்துக்கு ஒரு விலாசம். ரேஷன் கார்டு ஊரில், வேலை இங்கே. போலீஸ் விசாரணைக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்பார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் நிலம் எங்கே என்று பஹணியைக் கேட்பார்கள். ஊரில் உள்ள பட்டாவைக் காட்டி இங்கே லைசென்சு கேட்டால், நிலம் இருக்கும் மாவட்டத்தில் போய்க் கேளுங்கள் என்ற பதில்தான் வரும்.

லைசென்சு உள்ள ஒருவர் இன்னொருவருக்கு விற்பதானாலும், தம் எண்ணத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்கோ முன்கூட்டி எழுதித் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு 45 நாட்கள் கழிய வேண்டும். வாங்குகிறவரிடமும் லைசென்சு இருக்க வேண்டும். இன்றைக்குப் பணம், இன்றைக்கே துப்பாக்கி என்று ஒருவர் சொன்னால் அவர் விற்பது துப்பாக்கி அல்ல, வழக்கு.

நம்பர் அழிக்கப்பட்ட துப்பாக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செய்தவர் பெயரும் நம்பரும் துப்பாக்கியில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது சுரண்டப்பட்டிருந்தால், கையில் வைத்திருப்பவரே சுரண்டினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் குற்றம்தான்.

லைசென்சு இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் தண்டனை இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை ஜெயில், அத்துடன் அபராதம். 2019-க்கு முன்பு இது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை என்று இருந்தது. கள்ளத்தனமாக விற்றவருக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்டு ஆனதாகக் கருதப்படும். குற்றம் நிரூபணமாக வேண்டும் என்பதுகூட இல்லை.

சுடுவதற்கு என்ன இருக்கிறது?

சரி, ஓடி அலைந்து லைசென்சும் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எதைச் சுடுவது?

ஒரு காலத்தில் வேட்டைக்கும் லைசென்சு கொடுத்தார்கள். பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் போன்றவர்கள் நம் சேலம், தருமபுரிக் காடுகளில் புலி சுட்ட கதைகளைப் பலரும் படித்திருப்பார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் சிறு விலங்கு வேட்டை, பெரு விலங்கு வேட்டை என்று லைசென்சு முறை எழுதப்பட்டிருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். அன்று முதல் பொழுதுபோக்கு வேட்டை என்பது இந்தியாவில் சட்டப்படி கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும், லைசென்சுத் துப்பாக்கி இருந்தால் முயல் சுடலாம் என்ற நம்பிக்கை ஊர்ப்பக்கம் இன்னும் போகவில்லை. முயலும் கௌதாரியும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளவையே. சுட்டுத் தவறிப் போனாலும், முயற்சி செய்ததே வேட்டை என்கிறது சட்டம்.

பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் சுட்டாலோ, குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. குற்றத்துக்குப் பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் சர்க்கார் சொத்து. துப்பாக்கி லைசென்சையும் ரத்து செய்து, ஐந்தாண்டுக்குப் புதியது கிடையாது என்று கோர்ட்டு உத்தரவிடலாம்.

சரணாலயத்திலிருந்தும் தேசியப் பூங்காவிலிருந்தும் பத்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்குப் புதிய லைசென்சு கொடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். பன்னேருகட்டா தேசியப் பூங்கா எங்கே இருக்கிறது என்று பார்த்தால், தெற்குப் பெங்களூருவில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் இந்த வட்டத்துக்குள் வருகிறார்கள் என்பது புரியும்.

பாலாற்றில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2023 பிப்ரவரியில் மேட்டூரை அடுத்த எல்லைக் காட்டில் கர்நாடக வனத்துறையினருக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் மோதல் நடந்தது. சேலம் மாவட்டம் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர் பிறகு ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். மான் வேட்டைக்கு நாட்டுத் துப்பாக்கியுடன் வந்தவர்கள் முதலில் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது வனத்துறை. ஊரார் அதை ஏற்கவில்லை. மாதேஸ்வரன் மலைச் சாலையில் இரு மாநிலப் பஸ்களும் நின்றன. சம்பந்தமே இல்லாத கூலித் தொழிலாளர்கள் நடுவழியில் மூட்டையுடன் நின்றார்கள். எல்லையில் ஒரு துப்பாக்கி வெடித்தால் அது இரு மாநிலப் பிரச்சினையாகிவிடுகிறது.

பன்றிக்கு மட்டும் வழி உண்டா?

காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. சோளம், நிலக்கடலை, மரவள்ளி போட்டவரின் வயிற்றெரிச்சல் உண்மையானது. ஒரே இரவில் அரை ஏக்கர் போய்விடும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பயிருக்கு நாசம் செய்யும் விலங்கைச் சுட, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் அனுமதிக்க வேண்டும். கேரளத்தில் 2022-ல் இந்த அதிகாரத்தை ஊராட்சி, நகராட்சித் தலைவர்கள் வரை இறக்கினார்கள். அங்கேயும் சுடுகிறவர் லைசென்சுத் துப்பாக்கிக்காரராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுகிறவர் வனத்துறைக்காரர். விவசாயி அல்ல. ஊரில் நிலம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிருந்து துப்பாக்கி வாங்கிப் போனாலும் அங்கே அது பன்றிக்கு உதவாது.

முதலாளியின் துப்பாக்கி, தொழிலாளியின் கை

எனக்குப் பெரிய கவலை வேறு. குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்கள் ஏராளம். குடகில் கூர்க் இனத்தவருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், 1861-ல் தொடங்கிய சலுகை இது. 2019-ல் மத்திய அரசு இதை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக ஐகோர்ட்டு 2021 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது.

இந்த விலக்கு அவர்களுக்குத்தான். அந்த மண்ணில் குடியிருக்கும் எல்லோருக்கும் அல்ல. தோட்டத்தில் இருபது வருஷம் வேலை செய்த தமிழனுக்கும் லைசென்சு தேவை.

நடப்பது என்ன? “ராத்திரி காவலுக்குப் போ, இதை எடுத்துக்கோ” என்று முதலாளியோ ரைட்டரோ துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறார். வேலைக்காரன் மறுப்பானா? லைசென்சுக்காரர் கூடவே இருந்தால் அவருக்காகத் தூக்கிக்கொண்டு போகலாம். ரிப்பேருக்கும், லைசென்சு புதுப்பிக்கவும் அவர் எழுதிக் கொடுத்த கடிதத்துடன் கொண்டுபோகலாம். தனியாக இரவுக் காவலுக்குக் கொண்டுபோக இது போதாது. லைசென்சில் ‘ரிடெய்னர்’ என்று தொழிலாளியின் பெயர் ஏறியிருக்க வேண்டும். பெயர் ஏறாமல் பிடிபட்டால், துப்பாக்கி யாருடையது என்பது பிறகு வரும் பேச்சு. கையில் வைத்திருந்தவர் மேல்தான் முதல் வழக்கு.

பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட வழக்குகளும் மலைநாட்டில் அவ்வப்போது பதிவாகின்றன. இருட்டு, டார்ச் வெளிச்சம், புதர் அசைகிறது. குதிரையை இழுத்தவர் கூலிக்காரராக இருந்தால் வக்கீல் வைக்கவும் வழியில்லை. ஆகவே தோட்டத் தொழிலாளர் நண்பர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன், லைசென்சில் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி, போனஸ் பேசும்போது இதையும் பேசலாம். யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

வாங்கியே தீர வேண்டியவர்களுக்கு

சொந்த நிலமும் முறையான லைசென்சும் உள்ளவர் பழையது வாங்குவதில் தவறில்லை. பார்த்து வாங்க வேண்டும். 12 போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு சம உருண்டை செய்தால் ஒரு உருண்டையின் பருமன். குழலின் உள் அளவு ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே துருப்பள்ளம், நசுங்கல் தெரிந்துவிடும். பூட்டிய பிறகு குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது. தோட்டா இடும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டரா, 70 மில்லிமீட்டரா என்று கேட்க வேண்டும். 65-ல் 70 தோட்டாவைப் போட்டால் நுழைந்துவிடும். வெடிக்கும்போது அழுத்தம் அளவு மீறும். குழலில் பாம்புச் சட்டை போல வரிவரியாக இருந்தால் அது முறுக்கிச் செய்த பழைய குழல். கரிமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவுக்கு ஆகாது. எத்தனை அழகாக இருந்தாலும் சுவரில் மாட்டத்தான்.

சுடும் ஆசை மட்டும் உள்ளவர்களுக்கு ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்கும் இதே 12 போர்தான். புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில்தான் கலந்துகொண்டார். தோட்டாச் செலவு அதிகம், குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம்.

ரெயில் கேள்விக்கு வருகிறேன். லைசென்சுத் துப்பாக்கியானாலும் தோட்டா ஏற்றாமல், உறையில் போட்டு, அசல் லைசென்சைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிரயாணம் செய்ய வேண்டும். லைசென்சில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதற்குள் மட்டுமே செல்லும். கர்நாடகத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், ஓசூரில் இறங்கும்போது அது லைசென்சு இல்லாத துப்பாக்கி.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி அதிகாரிகள் உத்தரவிடுவதும் வழக்கம். பயிர் அறுவடைக்கு நிற்கும் நேரமாக இருந்தாலும் அதேதான். குடகுத் தோட்டக்காரர்கள் தேர்தல்தோறும் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கிறார்கள்.