மூணு ரவுண்டு ஓடு!

“வாயை மூடலேன்னா கிரவுண்டை மூணு ரவுண்டு ஓட விடுவேன்!”

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வசனம் மனப்பாடம். லேட்டாக வந்தால் ஓட்டம். ஹோம் ஒர்க் மறந்தால் தோப்புக்கரணம். பக்கத்து சீட்டுப் பையனைக் கிள்ளினால் பெஞ்ச் மேல் ஏறணும். உடம்பை அசைப்பது குற்றவாளிகளின் வேலை என்று பன்னிரண்டு வருஷம் பாடம் படித்த ஆசாமியிடம், முப்பத்திரண்டு வயசில் டாக்டர், “டெய்லி நடங்க சார்” என்கிறார். அவர் காதில் அது ஆயுள் தண்டனை என்றுதானே விழும்?

சமீபத்தில் நாலு குடும்பமாக வேன் பிடித்து ஏற்காடு போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி, பகோடா பாயின்ட் போய் இறங்கினால், கூட வந்த மூன்றாம் வகுப்புப் பொடியன் மட்டும் சீட்டை விட்டு அசையவில்லை.

“நீ போட்டோ எடுத்துட்டு வாப்பா. நான் இங்கயே பாத்துக்கறேன்.”

அதே சமயம் காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து ஒற்றையடிப் பாதையில் மூன்று வாண்டுகள், முதுகில் புத்தகப் பையோடு, ஒருத்தனை ஒருத்தன் துரத்திக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். மூச்சு வாங்கவில்லை. நமக்குத்தான் பார்க்கும்போதே வாங்கியது.

உடனே “அந்தக் காலத்துப் பிள்ளைங்க... கிராமத்துக் காத்து...” என்று ஆரம்பிக்காதீர்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் இப்போது தார் ரோடு வந்திருக்கிறது, டூ வீலர் வந்திருக்கிறது. வரட்டும். பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் ரோடு வேணும். ‘மலைப் பிள்ளைகள் நடந்தால்தான் ஆரோக்கியம்’ என்று வேனில் ஏ.சி. போட்டுக்கொண்டு நாம் சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் இதுவரை அந்த ஒற்றையடிப் பாதை ஃபீஸ் வாங்காமல் பார்த்து வந்த பி.டி. வாத்தியார் வேலையை இனி யார் பார்ப்பது?

பள்ளிக்கூடம் பார்க்கும் என்பீர்கள். ஏற்காட்டில் 1894-ல் ஆரம்பித்த சேக்ரட் ஹார்ட், 1917-ல் ஆரம்பித்த மான்ட்ஃபோர்ட் என்று பேர்போன பள்ளிகள் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்குமா? அரசுத் தொடக்கப் பள்ளியில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் பொதுவாகக் கிடையாது. ஆசிரியர் இருக்கிற பெரிய பள்ளிகளிலும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. பி.காம். படித்த எனக்குத் தெரிந்து இதற்குப் பெயர் வாராக் கடன். “பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள்” என்று 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு மலையில் சமதளம் அபூர்வம். சிக்ஸர் அடித்தால் பந்தைத் தேடிச் சேலம் ஜங்ஷன் வரை போகணும்.

இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். ஸ்காட்லாந்துக்காரர். இப்போது அதே ஊர்க்காரர்களிடமிருந்து இன்னொரு சரக்கை நாம் இறக்குமதி செய்யலாம் என்பது என் கட்சி.

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்ற ஊரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளி. 2012-ல் அதன் தலைமை ஆசிரியை எலைன் வைலி ஒரு வகுப்பைக் கூட்டிப் போய் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஒரு சுற்றிலேயே பெரும்பாலானவர்கள் பஞ்சர். அந்த அம்மா கோச் தேடவில்லை, யூனிஃபார்ம் தைக்கவில்லை. தினம் 15 நிமிஷம், போட்டிருக்கிற ஷூவோடு, வெளியே போய் ஓடு, முடியாவிட்டால் நட, பேசிக்கொண்டே போ. பரிசு கிடையாது, முதல் ராங்க் கிடையாது, கடைசியும் கிடையாது. நாலு வாரத்தில் பிள்ளைகள் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர் ஓடினார்கள். ‘டெய்லி மைல்’ என்ற பெயரில் பல நாட்டுப் பள்ளிகளுக்கு அது பரவிவிட்டது.

பலன் உண்டா? ஸ்டர்லிங் பக்கம் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆராய்ச்சியில், தினம் ஓடிய பிள்ளைகளுக்குத் தெம்பு கூடியிருந்தது, சும்மா உட்காரும் நேரம் குறைந்திருந்தது. ஆனால் பர்மிங்ஹாமில் 40 பள்ளிகளில் நடத்திப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே ‘குண்டுப் பையன் ஒல்லியாவான்’ என்று யாராவது இதை விற்க வந்தால் நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயசு வரை தினம் சராசரி 60 நிமிஷம் உடம்பு அசையணும் என்கிறது. இது அதில் கால் பங்குதான்.

எனக்குப் பிடித்த சமாசாரம் அந்த ‘தினம்’ என்ற வார்த்தை. காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு டம்ளர் குடித்து யாராவது காப்பிக்கு அடிமையானதுண்டா? தினம் காலையில் ஒரு டம்ளர், அதே நேரம், பக்கத்தில் பேச ஒரு ஆள். அவ்வளவுதான், விட முடியாது. நாம் பிள்ளைகளுக்கு ஏழு டம்ளரைத்தான் ஊற்றுகிறோம். ஸ்போர்ட்ஸ் டே என்று வருஷத்துக்கு ஒரு நாள். அன்றைக்கும் ஓடத் தெரிந்த ஆறு பேர் ஓட, மற்றவர்கள் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். தோற்றுவிடுவோமோ என்று பயந்த பிள்ளை அடுத்த வருஷம் வயிற்று வலி என்று லீவ் லெட்டர் கொடுத்துவிடுகிறது. எட்டு வயசில் ‘எனக்கு ஓட வராது’ என்று முடிவு கட்டிய பிள்ளையை இருபத்தெட்டில் ஜிம்மில் சேர்த்தால், மூணாம் மாசம் ஃபீஸ் மட்டும்தான் போய்க்கொண்டிருக்கும். (யாரையும் குறிப்பிடவில்லை!)

மலைப் பள்ளியோ சேலம் டவுன் பள்ளியோ, கட்டடத்தைச் சுற்றி வர வழி இருந்தால் போதும். வாத்தியாரும் கூட நடக்கணும். இன்னொரு நிபந்தனை: அன்று முதல் அந்தப் பள்ளியில் ‘மூணு ரவுண்டு ஓடு’ என்பது தண்டனைப் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும்.

வீட்டுக்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். பைக்கில் பள்ளி வாசல் வரை கொண்டுவிடாமல், அரை கிலோமீட்டர் முன்னாலேயே ஓரமாக நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு நடப்பது. பேங்க்கில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நானும் கூட நடக்கணுமா சார்?”

“ஆமா.”

“மழை வந்தா?”

“குடை.”

“வெயில் அடிச்சா?”

“அதே குடை.”