வரைபடம் எவர் கையில்?

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, காளிப்பட்டி வழியாகத் திருச்செங்கோடு செல்லும் சாலையில், மல்லசமுத்திரத்துக் கடைத்தெருவோரம் ஒரு நாழிகை நின்று பாருங்கள். பருத்திப் பொதி ஏற்றிய சரக்குந்துகளுக்கு இடையே, ஆழ்துளைக் கிணறு தோண்டும் பெரும்பொறிகளைச் சுமந்த உந்துகள் செல்லக் காண்பீர்கள். மக்கள் ‘இரிக்கு வண்டி’ என்று வழங்கும் அவ்வூர்திகளை உருவாக்குவோர் திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் பணிபுரியும் நம் உழவர் மக்களும் கம்மியர் மக்களுமே. வெற்று அடிச்சட்டத்தை வாங்கிவந்து, அதன்மேல் காற்றழுத்தப் பொறியையும் நெடுங்கோபுரத்தையும் எண்ணெய் அழுத்தக் குழல்களையும் பொருத்தி, கருங்கற் பாறையைத் துளைக்கும் ஆற்றலுள்ள ஊர்தியாக அவர்கள் ஆக்கித் தருகின்றனர். இந்தியாவின் வடகோடி வரை சென்று தண்ணீர் காணும் வண்டிகள் அவை.

இத்தகைய கைகளைப் பெற்ற நிலத்தில் நின்றுகொண்டு ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். காலாட்படை ஏறிச்சென்று பொருதற்குரிய மெய்ம்மறைப் போரூர்தி ஒன்றைத் தானே வரைந்து, தானே ஆக்கிக்கொள்ள, இத்துணைப் பெரிய இந்திய அரசால் இன்றுவரை ஏன் இயலவில்லை?

போர்க்கருவியைப் பற்றி மொழி இயக்க இதழ் ஏன் எழுதுகின்றது என்று அன்பர் சிலர் வினவலாம். கருவியைப் பற்றிய வினா, இறுதியில் அறிவைப் பற்றிய வினாவாகவும், அறிவைப் பற்றிய வினா மொழியைப் பற்றிய வினாவாகவுமே முடிகின்றது. அதனாற்றான் எழுதுகின்றோம்.

தேர், யானை, குதிரை, காலாள் என நாற்படை வகுத்தவர் நம் முன்னோர். இற்றைக் காலத்தில் யானையும் குதிரையும் போர்க்களத்தைவிட்டு நீங்கின. தேர் இரும்புத் தேராக மாறிற்று. காலாள் மட்டும் நெடுங்காலம் காலாளாகவே நின்றான். அவனைப் போர்முனை வரை ஏற்றிச்சென்று இறக்கிவிடும் மூடுந்துகள் இரண்டாம் உலகப் போரிலேயே இருந்தன. ஆனால் அவை ஏற்றிச்செல்லும் ஊர்திகளேயன்றிப் போர்புரியும் ஊர்திகள் அல்ல. தேரையும் காலாளையும் ஓருடலாக்கியவர் சோவியத்து நாட்டார். 1967ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மாசுக்கோவின் செஞ்சதுக்க அணிவகுப்பில் அவர்கள் பி.எம்.பி-1 என்னும் ஊர்தியை உலகிற்குக் காட்டினர். 73 மி.மீ. தெறுவேயமும், தேரழிக்கும் ஏவுகணையும், உள்ளிருந்தவாறே படைஞர் சுடுதற்குரிய பக்கப் புழைகளும் அதில் இருந்தன. மேற்கு நாடுகள் திகைத்தன. செருமனி 1971இல் ‘மார்டர்’ ஊர்தியையும், அமெரிக்கா 1981இல் ‘பிராட்லி’ ஊர்தியையும் படையிற் சேர்த்தன.

இவ்வூர்தியை ஆக்குவது எளிய வேலையன்று. இரும்பைத் தடித்தால் எடை கூடும். எடை கூடினால் விரைவு குன்றும். ஆற்றில் நீந்தவும் இயலாது. எடையைக் குறைத்தாலோ குண்டு துளைக்கும். உள்ளிருப்பவன் உயிர் போகும். பி.எம்.பி-2 ஊர்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 14 தன் எடையும் 300 குதிரையாற்றல் பொறியும் உடையது, 30 மி.மீ. விரைவுத் தெறுவேயம் கொண்டது. ஓட்டுநர் முதலிய மூவரையும் படைஞர் எழுவரையும் சுமப்பது. ஆற்றை நீந்திக் கடக்க வல்லது. அவ்விரைவையும் நீச்சலையும் பெறுவதற்காக அது தன் பக்கத் தகட்டை மெலிதாக்கிக்கொண்டது. படைஞர் இறங்கும் பின்கதவுக்குள்ளேயே எரிநெய்க் கலமும் வைக்கப்பட்டுள்ளது! ஆப்கானியப் போரில் இக்குறைகள் வெளிப்பட்டன.

எதை ஏற்பது, எதை விடுப்பது என்னும் இம்முடிவே வரைவுக்கலை. தன் நாட்டு ஆறு எவ்வளவு ஆழம், தன் மண் எவ்வளவு இளகல், தன் வெயில் எவ்வளவு கொடிது, தன் படைஞனின் உயிர் எவ்வளவு விலையுயர்ந்தது என்பவற்றை எண்ணி எடுக்கும் முடிவு அது. பிறர் வரைபடத்தை விலைக்கு வாங்குகின்றவன் இரும்பை மட்டும் வாங்குவதில்லை. அப்பிறர் தம் நாட்டிற்காக எடுத்த முடிவுகளையும் சேர்த்தே வாங்குகின்றான்.

இந்திய அரசு செய்தது அதுவே. 1970களில் பி.எம்.பி-1 ஊர்திகளைச் சோவியத்து நாட்டிலிருந்து வாங்கிற்று. பின்னர் பி.எம்.பி-2 ஊர்தியை ஆக்கும் உரிமத்தைப் பெற்று, அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் 1984இல் ஒரு படைக்கலத் தொழிலகத்தை நிறுவிற்று. அங்கிருந்து 1987 முதல் ‘சரத்’ என்னும் பெயரோடு அவ்வூர்திகள் வெளிவந்தன. பெயர் மட்டும் இந்தியப் பெயர். வரைபடம் உருசிய வரைபடம். 2020ஆம் ஆண்டு சூன் திங்களிற்கூட, அதே பி.எம்.பி-2 வகையில் 156 ஊர்திகளை 1,094 கோடி உருபாவிற்கு ஆக்கித் தருமாறு அத்தொழிலகத்திற்கு ஆணை தரப்பட்டது. நாற்பதாண்டுப் பழைய வரைபடம் இன்னும் கைவிடப்படவில்லை.

நம் தமிழ்நிலத்து ஆவடியின் கதையும் இத்தகையதே. 1961இல் தொடங்கப்பெற்ற ஆவடிக் கனவூர்தித் தொழிலகத்திலிருந்து 1965ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் முதல் ‘விசயந்தா’ தேர் வெளிவந்தது. அது ஆங்கில நாட்டு விக்கர்சு குழுமத்தின் வரைபடம். அதன்பின் வந்த ‘அசேயா’ தேரும் ‘பீசுமா’ தேரும் உருசியரின் தி-72, தி-90 தேர்களே. தமிழன் உருக்கினான், தமிழன் பற்றவைத்தான், தமிழன் முடுக்கினான், ஆனால் எந்த மரையை எந்த இடத்தில் ஏன் முடுக்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்யவில்லை.

இதற்கு மாறாக ஒரு முயற்சி நடந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1974இல் 15.5 கோடி உருபா மதிப்பீட்டில் சொந்தத் தேர் ஒன்றை வரையும் திட்டத்திற்கு ஒப்புதல் தரப்பட்டது. ஆவடியிலுள்ள போரூர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிலையத்தார் அப்பணியை மேற்கொண்டனர். அதுவே ‘அர்சுன்’ தேர். செலவு 300 கோடியைத் தாண்டிற்று. காலம் முப்பதாண்டாக நீண்டது. 2000இல் 124 தேர்களுக்கு ஆணை கிடைத்து, 2004இற்றான் முதல் தேர்கள் படையிற் சேர்ந்தன. திருத்திய வகையின் 118 தேர்களுக்கு 2021இல் 7,523 கோடி உருபா ஆணை தரப்பட்டது. இத்தேரின் உந்துபொறி செருமானியப் பொறி. சொந்தமாக ஆக்கிய 1,500 குதிரையாற்றல் பொறி மைசூரில் முதன்முதலாக ஓட்டி ஆய்வு செய்யப்பட்டது 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற்றான். ஐம்பதாண்டு கடந்து!

இத்தேரை எள்ளி நகையாடுவோர் பலர். நாம் அவரோடு சேரோம். தவறு செய்து கற்றவன், தவறே செய்யாமல் படியெடுத்தவனினும் உயர்ந்தவன். அத்தேரில் வெம்மை தாங்காப் பொறியும், தேவைக்கு மீறிய எடையும், ஆணைக்காகக் காத்திருந்த ஆண்டுகளும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் மெய்ம்மறைத் தகடு, தொங்கமைப்பு, தெறுவேயம் ஆகியவற்றில் இந்நாட்டார்க்குச் சொந்த அறிவு சிறிதேனும் உண்டென்றால், அஃது அவ்வுழைப்பால் வந்ததே.

அவ்வறிவைக் காலாட் போரூர்திக்கும் பயன்படுத்தினரா? பயன்படுத்தத் தொடங்கினர், முடிக்கவில்லை. ‘அபய்’ என்னும் பெயரில் 40 மி.மீ. தெறுவேயங்கொண்ட ஆய்வூர்தி ஒன்று ஆக்கப்பட்டது. கண்காட்சியில் நின்றதேயன்றி அது களம் புகவில்லை. பின்னர் எதிர்காலக் காலாட் போரூர்தித் திட்டம் வந்தது. 2010இல் தனியார் குழுமங்களையும் அரசு வாரியத்தையும் கேட்டனர், நின்றது. 2016இல் மீண்டும் கேட்டனர், நின்றது. 2021இல் 1,750 ஊர்திகள் வேண்டுமென மூன்றாம் முறை கேட்டனர். இன்றுவரை அத்திட்டத்தின் ஊர்தி ஒன்றேனும் படையிற் சேர்ந்திலது. கேட்பதற்கே பத்தாண்டுக்கு மேல் செலவிட்ட அரசு, ஆக்குவதற்கு எத்தனை ஆண்டு கொள்ளும்?

இந்நோயின் வேர் யாது? பணமின்மையன்று, ஆளின்மையன்று. கைவேறு, மூளைவேறு என்று பிரித்துவைத்த அடிமைக்கால முறையே இதன் வேர்.

நம் சேலத்தைப் பாருங்கள். கஞ்சமலையிற் காந்த இரும்புத்தாது குவிந்து கிடக்கின்றது. நொய்யற்கரைக் கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இரும்புலைகள் எரிந்த தடயங்கள் அகழ்வில் கிடைத்துள்ளன. 1830களில் ஈத்து என்னும் ஆங்கிலேயர் சேலத்து இரும்புத்தாதை நம்பிப் பறங்கிப்பேட்டையில் பெரிய உருக்காலையே அமைத்தார். அப்பெருமை கொண்ட சேலத்தில் 1970இல் அடிக்கல் நாட்டி 1981இல் திறந்த உருக்காலை, தொடக்கத்தில் எதைச் செய்தது? கஞ்சமலைத் தாதை உருக்கவில்லை. வேறிடத்திலிருந்து வந்த எஃகுத் தகட்டை உருட்டிற்று! தாது நம் மலையில். தகடு பிறர் உலையில். ஆவடிக்கும் சேலத்திற்கும் கதை ஒன்றே.

இனி மொழிக்கு வருவோம். விசயந்தா, அசேயா, பீசுமா, அர்சுன், அபய், சரத் எனத் தமிழ்நிலத்திலும் பிறவிடத்தும் ஆக்கிய ஊர்திகளுக்கு இட்ட பெயர்கள் அனைத்தும் வடசொற்களே. வெற்றிக்கும் வீரத்திற்கும் தமிழிற் பெயரில்லையா? வாகையும் வஞ்சியும் தும்பையும் நொச்சியும் போரின் ஒவ்வொரு நிலைக்கும் பெயராக அமைந்த மொழி இது. இதைச் சொல்வது நம் கடன். ஆயினும் பெயரை மாற்றுவதாலேயே ஊர்தி நம்முடையதாகிவிடாது. உருசிய வரைபடத்திற்கு வாகையெனப் பெயரிட்டாலும் அஃது உருசிய ஊர்தியே. பெயர் தோலைப் போன்றது, வரைபடமே எலும்பு.

அவ்வெலும்பு எம்மொழியில் உள்ளது? ஆங்கிலத்தில். நம் பட்டறைக் கம்மியன் அடிச்சட்டத்தைத் தட்டிப்பார்த்து, அதன் ஓசையைக் கொண்டே வெடிப்பைக் கண்டறிவான். ஆனால் ஒப்பந்த விளம்பரத்தின் முதற்பக்கத்தை அவனாற் படிக்க இயலாது. மாட்டுவண்டிக் காலத்தில் இருசு, கடையாணி, குடம், ஆரக்கால், வட்டை, பார், நுகம் என வண்டியின் ஒவ்வோர் உறுப்பிற்கும் உழவனிடம் சொல் இருந்தது. சொல் இருந்ததனால், உறுப்பைத் திருத்தும் எண்ணமும் அவனிடமே இருந்தது. ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்று பழமொழி சொன்னவன் வண்டியின் இயக்கத்தை அறிந்தவன். பொறியூர்தி வந்த நாளில் அச்சொற்கள் அற்றுப்போயின; அவற்றோடு திருத்தும் துணிவும் குன்றிற்று.

இதில் நம் இயக்கத்தார்க்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நூலறைக்குள் அமர்ந்து ஆயிரக்கணக்கிற் சொல்லாக்கினோம்; அச்சொற்களைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோமா? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியற் படிப்பைத் தொடங்கியபோது மகிழ்ந்தோம். படித்து முடித்தவன் போய்ச்சேரும் தொழிலகத்தில் தமிழ் உண்டா என்று எத்தனை பேர் கேட்டோம்? வேலை செய்யுமிடத்தில் வாழாத சொல், அகரமுதலியிற் புதைந்த சொல்லே.

இன்னொன்றையும் சொல்லாது விடின், உண்மைக்கு மாறாவோம். 1987 அக்தோபரில், அமைதிப்படை என்னும் பெயரோடு சென்ற இந்தியப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றப் பொருதபோது, தி-72 தேர்களும் பி.எம்.பி. ஊர்திகளும் தமிழர் தெருக்களில் உருண்டன. போருக்குத் தொடர்பில்லாத பொதுமக்கள் பலர் மாண்டனர். 1990இல் அப்படை திரும்புமுன், இந்தியப் படைஞரும் ஆயிரவருக்கு மேல் மாண்டிருந்தனர். இரும்புக்கு உறவு தெரியாது. எவர்மேல் உருள்கின்றோம் என்று சக்கரப் பட்டை கேளாது. ஆதலால், கருவியை ஆக்கும் மக்கள், அஃது எவர்மேல் செலுத்தப்படுகின்றது என்று கேட்கும் உரிமையையும் உடையவராதல் வேண்டும். ஆக்கும் அறிவும் கேட்கும் துணிவும் ஒருங்கே இல்லாத கை, வெறுங் கூலிக்கையே.

நம் வட்டாரத்திற்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்துள்ளது. 2018இல் அறிவித்து 2019 சனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாட்டுப் படைக்கலத் தொழில் வழித்தடத்தில், சென்னை, ஓசூர், கோவை, திருச்சி ஆகியவற்றோடு சேலமும் ஒரு முனையமாகும். 2021 அக்தோபர் முதல் நாளிலிருந்து மெய்ம்மறை ஊர்திக் கழகத்தின் தலைமையகமும் ஆவடியிலேயே உள்ளது. காலாட் போரூர்தி ஆக்கும் மேதக் தொழிலகமும் அதன் கீழ்ப்பட்டதே. ஆகவே, இதுபற்றிக் கேட்க வேண்டியவற்றைத் தில்லி வரை சென்று கேட்கும் தேவையில்லை.

நாம் கேட்பன நான்கு. ஒப்பந்த விளம்பரங்களும் உறுப்பு அளவைக் குறிப்புகளும் தமிழிலும் வெளியிடப்படல் வேண்டும். திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகட்கு மரையும் தகடும் ஆக்கும் வேலையோடு, உறுப்பை வரைந்து ஆய்ந்து திருத்தும் பங்கும் தரப்படல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில் பயிலகங்களிலும் ஊர்திப் பொறியியலைத் தமிழில் தெளிவாகக் கற்பிக்கும் நூல்கள், பட்டறைக் கம்மியரையும் உடன்வைத்து எழுதப்படல் வேண்டும். தமிழ்நிலத்தில் வரைந்து ஆக்கும் ஊர்திக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். இவற்றுள் பெயரை நாம் இறுதியில் வைத்தமை அறிந்தே செய்தது.

நம் இளைஞர்க்கு ஒரு சொல். இன்று மாலை உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் செல்லுங்கள். அங்குள்ள முதிய கம்மியரிடம், ஒவ்வோர் உறுப்பிற்கும் அவர் வழங்கும் சொல்லைக் கேட்டு எழுதுங்கள். அவரிடம் சொல்லில்லாத உறுப்பிற்கு அவரோடு அமர்ந்தே சொல்லாக்குங்கள். பின்னர், அவ்வுறுப்பு ஏன் அவ்வாறு அமைந்தது, வேறெவ்வாறு அமையலாம் என்று வினவுங்கள். அவ்வினாவிலேயே வரைபடத்தின் முதற்கோடு பிறக்கின்றது. அக்கோட்டை இழுக்கும் கை நம்முடையதாகும் நாளிலேயே, ஊர்தியும் நம்முடையதாகும்.