ஊர் கூடி எடுத்த படம்

ஊர் கூடினால்தான் தேர் நகரும். செல்வர் ஒருவர் தேரைச் செய்து கொடுக்கலாம். ஆனால் வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வேண்டும். அதனால்தான் அதை யாரும் "அவருடைய தேர்" என்று சொல்வதில்லை. "எங்கள் ஊர்த் தேர்" என்றே சொல்கிறார்கள்.

சினிமாப் படத்தையும் இப்படி எடுக்க முடியுமா?

முடியும். நம் நாட்டிலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆளுக்கு 2 ரூபாய்

குஜராத் மாநிலத்தில் பால் உற்பத்தி செய்யும் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் ஏழைகளே அதில் அதிகம். 1976-ம் ஆண்டு அவர்களில் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஷியாம் பெனகல் "மந்தன்" என்ற இந்திப் படத்தை எடுத்தார். மந்தன் என்றால் கடைதல் என்று பொருள்.

கதையும் அவர்களுடைய கதைதான். ஒரு கால்நடை மருத்துவர் கிராமத்துக்கு வருகிறார். பால் சங்கம் அமைக்கப் பாடுபடுகிறார். பணம் படைத்தவர்கள் எதிர்க்கிறார்கள். சாதி வேற்றுமை குறுக்கே நிற்கிறது. ஏழை மக்கள் எப்படித் தலை நிமிர்கிறார்கள் என்பதைப் படம் சொல்கிறது.

படம் வெளியானபோது, கிராமத்து மக்கள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள். தங்கள் பணத்தில் எடுத்த படம் அல்லவா! சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. பழுதுபட்ட பிரதியைப் புதுப்பித்து, 2024-ம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். 2 ரூபாய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

மேளம் கொட்டிச் சேர்த்த பணம்

"அவர்களுக்குப் பெரிய சங்கம் இருந்தது. சங்கம் இல்லாதவர்கள் என்ன செய்வது?" என்று கேட்கலாம். அதற்குக் கேரளத்தில் விடை இருக்கிறது.

ஜான் ஆபிரகாம் என்ற டைரக்டரைத் தமிழ் மக்களும் அறிவார்கள். 1977-ம் ஆண்டு "அக்ரகாரத்தில் கழுதை" என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவர் அவர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆனால், விருது வாங்கியவருக்கு அடுத்த படத்துக்குப் பணம் தரப் பட முதலாளிகள் வரிசையில் நிற்பதில்லை. போட்ட பணம் திரும்பி வருமா என்பதே அவர்கள் கவலை. அதைத் தவறு என்றும் சொல்ல முடியாது.

1984-ம் ஆண்டு ஜானும் நண்பர்களும் கோழிக்கோட்டில் "ஒடேசா" என்ற மக்கள் திரைப்பட அமைப்பைத் தொடங்கினார்கள். லாபம் அதன் நோக்கம் அல்ல. நல்ல படம் எடுப்பது, அதை மக்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது, இரண்டுமே அதன் வேலை.

அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மேளம் கொட்டிக் கூட்டம் சேர்த்தார்கள். திரை கட்டி, உலகப் புகழ் பெற்ற படங்களைக் காட்டினார்கள். சார்லி சாப்ளினின் படமும் அவற்றில் ஒன்று. பிறகு, "நாங்களும் ஒரு படம் எடுக்கப் போகிறோம். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கூலி வேலை செய்கிறவர்களும் கொடுத்தார்கள்.

இப்படி எடுத்த படம்தான் "அம்ம அறியான்". 1986-ம் ஆண்டு வெளிவந்தது. அம்மா அறிவதற்காக என்று பொருள். ஓர் இளைஞன் இறந்துவிடுகிறான். அந்தச் செய்தியை அவனுடைய தாயிடம் சொல்ல, இன்னோர் இளைஞன் புறப்படுகிறான். வழியில் ஊருக்கு ஊர் ஒருவர் இருவராகச் சேர்கிறார்கள். வயநாட்டில் தொடங்கிய பயணம், கொச்சியில் பெருங்கூட்டமாகப் போய்ச் சேருகிறது. படத்துக்குப் பணம் சேர்ந்ததும் அப்படித்தான்! அதன் ஒளிப்பதிவுக்காக வேணு தேசிய விருது பெற்றார்.

ஒருவரையே நம்பலாமா?

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு. 1987-ம் ஆண்டு மே மாதம், ஜான் ஆபிரகாம் கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தில் இருந்து விழுந்து இறந்தார். நண்பர்கள் படங்களைக் காட்டும் பணியைத் தொடர்ந்தார்கள். ஆனால் "அம்ம அறியான்" போல இன்னொரு பெரிய கதைப்படம் ஒடேசாவிலிருந்து வரவில்லை.

தேர் இழுக்க முன்னால் நின்று குரல் கொடுப்பவர் வேண்டும். அவர் இல்லாத ஆண்டிலும் தேர் ஓட வேண்டும் அல்லவா? அதற்குத்தான் சங்கம், விதி, கணக்கு எல்லாம்.

சிலர் கேட்பார்கள்

"சினிமா ஒரு வியாபாரம். அதற்கு மக்கள் ஏன் பணம் தர வேண்டும்? பள்ளிக்கூடம் இல்லையா, ஆஸ்பத்திரி இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

தியேட்டருக்கு வரும் பெரிய படங்களை நாம் குறை கூறவில்லை. அவை ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சோறு போடுகின்றன. நமக்கும் பொழுது போகிறது. ஆனால், வட்டிக்கு வாங்கிய பணத்தில் சொல்ல முடியாத கதைகள் இருக்கின்றன. நெசவாளி வீட்டுக் கதை, உப்பளத்துப் பெண்ணின் கதை, வற்றிப்போன ஊர்க் கிணற்றின் கதை. அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்லாவிட்டால், அவற்றை வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இன்று கைப்போனிலேயே படம் பிடிக்கலாம். ஆனால் படம் பிடிப்பது பாதி வேலைதான். ஒலி சேர்க்க வேண்டும். வெட்டி ஒட்ட வேண்டும். கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்து பார்க்க நாலு பேர் வேண்டும். இதைத்தான் ஒரு சங்கத்தால் செய்ய முடியும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்கொடை என்பது முதலீடு அல்ல. "படத்துக்குப் பணம் கொடுங்கள், இரட்டிப்பாகத் தருகிறேன்" என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல சங்கம் லாப ஆசை காட்டாது. கொடுத்த ரூபாய்க்கு ரசீது தரும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லோர் முன்பும் கணக்கைப் படிக்கும். எடுத்த படத்தை முதலில் கொடுத்தவர்களுக்குக் காட்டும்.

உங்கள் ஊரிலும் கதை எழுதும் பையன் ஒருவன் இருப்பான். படம் பிடிக்கத் துடிக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். "உருப்படியாக ஏதாவது வேலையைப் பார்" என்று அவர்களை விரட்ட வேண்டாம். நூலக அறையை ஒரு மாலைக்குத் திறந்து விடுங்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டுங்கள். அவர்கள் எடுத்ததைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். நன்றாக இருந்தால் பாராட்டுங்கள். நன்றாக இல்லாவிட்டால், எங்கே சரியில்லை என்று சொல்லுங்கள்.

பணம் பிறகு வரும். முதலில் வடத்தில் கை வைப்போம்!