ஒறுக்கப்படுவோர் யார்? மரக்காணக் கரை எழுப்பும் வினா

1930-ஆம் ஆண்டில் மரக்காணத்துக் கழிக்கரையில் ஓர் ஏழை குனிந்து, கடலும் வெயிலும் விலையின்றி விளைத்து வைத்த உப்பில் ஒருபிடியை வாரித் தன் கஞ்சியில் இட்டுக்கொண்டிருந்தால், வெள்ளையன் சட்டப்படி அவன் குற்றவாளி. அவன் எவரையும் ஏய்க்கவில்லை. எவர்க்கும் ஊறு செய்யவில்லை. வெள்ளையனின் கருவூலத்துக்குச் சேரவேண்டிய வரியைக் கட்டாமல் உப்புத் தின்றான் என்பதொன்றே அவன் செய்த குற்றம்! அவ்வாண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டுத் திருமறைக்காட்டுக்கு நடந்துபோய், அச்சட்டத்தை மீறிச் சிறைசென்றவர் இராசாசி. ஏழாண்டுகள் கழித்து, 1937 அக்டோபர் முதல்நாள், சென்னை மாகாணத்தின் தலைமையமைச்சராக அமர்ந்து சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தவரும் அவரே. கள்வருவாயை இழந்த கருவூலத்தை நிரப்புவதற்காக 1939-இல் விற்பனைவரி வந்தது. பின்வந்த ஆட்சிகளில் மதுவிலக்குப் போயிற்று, விற்பனைவரி போகவில்லை, சாராய வருவாயும் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் 1937-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மட்டும், மதுவிலக்கு என்னும் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, இன்றும் உயிரோடு உலவுகின்றது. அரசு விற்பதை விலக்கி வைத்துவிட்டு, அரசு விற்காததை மட்டுமே அது குற்றமென்கின்றது. பழைய உப்புச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டப் பெரும்புலமை வேண்டியதில்லை.

2023 மே 13-ஆம் நாள் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தனர். சிலரைப் புதுவை மருத்துவமனைகளுக்கும், சிலரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் தூக்கி ஓடினர். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்தனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர்ப் பக்கத்து ஊர்களிலும் சாவு விழுந்தது. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதின்மருக்கு மேல் மாண்டனர். மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் நேர்ந்த சாவுகள் இவை. இறந்தோர் மீனவரும் கூலிக்காரருமே. மாடியில் வாழ்வோர் ஒருவரும் அப்பட்டியலில் இல்லை.

அவர்கள் குடித்தது சாராயமே அன்று. ஆலைகளில் வண்ணப்பூச்சுக்கும் வேதிப்பொருள்களுக்கும் பயன்படும் மெத்தனால். சென்னையை அடுத்த ஓர் ஆலையிலிருந்து வெளியேறி, புதுவைக் கைகள் வழியே மாறி, மரக்காணம் வந்து சேர்ந்தது அந்நஞ்சு என்று காவல்துறையே அறிவித்தது. ஆலையின் இருப்பேட்டில் குறைந்தது எவருக்கும் தெரியவில்லை. சாலையில் வந்தது எவர் கண்ணிலும் படவில்லை. குப்பத்தில் விற்றது எந்தக் காவல்நிலையத்துக்கும் கேட்கவில்லை. பதினான்கு பிணங்கள் விழுந்தபின்னர் எல்லாம் இரண்டே நாள்களில் தெரிந்துவிட்டன! அத்தனை விரைவில் கண்டுபிடிக்க முடிந்ததை அதற்கு முன் கண்டுபிடிக்க முடியாமற்போனது எப்படி என்னும் வினாவுக்கு இன்றுவரை நேரான விடையில்லை.

அரசு செய்தவற்றை மறைக்க வேண்டியதில்லை. முதலமைச்சர் நேரில் வந்தார். இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலக்கம் உருபாவும் மருத்துவமனையில் கிடந்தோர்க்கு ஐம்பதாயிரம் உருபாவும் அறிவிக்கப்பட்டன. காவல்துறை அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். விற்றவர்மீது கொலைவழக்கும் பதியப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் விற்றவரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், தாமும் அதையே குடித்து மருத்துவமனையில் கிடந்தார். அவர்பெயர் ஐம்பதாயிரம் பெறுவோர் பட்டியலில் ஏறி, ஊரார் நகைத்தபின் நிறுத்தி வைக்கப்பட்டது. நகைத்தவர்கள் சற்றே எண்ணிப்பார்த்திருக்கலாம். தான் விற்பது நஞ்சென்று அறிந்தவன் அதைத் தன் வாயில் ஊற்றிக்கொள்வானா? கண்ணியின் கடைசி வளையத்தில் நிற்பவன் பெரும்பாலும் அதே குப்பத்து வறியவன். குடிப்பவனுக்கும் அவனுக்கும் இடையே ஒரு வேலிப்படல்தான் தொலைவு. சட்டத்தின் கை எளிதில் எட்டுவதும் அவனைத்தான்.

அதன்பின் நடந்ததென்ன? ஓராண்டு கடந்து ஒரு திங்கள். 2024 சூன் மாதத்தில், முன்பு விழுப்புரத்தோடு ஒன்றாயிருந்து 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் என்னுமிடத்தில் அதே மெத்தனால் அறுபத்தைவர்க்கு மேற்பட்டோரைக் கொன்றது. உடனே சட்டமன்றம் கூடி அச்சூன் இறுதியிலேயே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்திற்று. உயிரிழப்பு நேர்ந்தால் வாழ்நாள் முழுமைக்கும் கடுஞ்சிறை. பத்து இலக்கத்துக்குக் குறையாத தண்டத்தொகை. கேட்கும்போது வீறாகத்தான் இருக்கின்றது! ஆனால் கொன்றவனைக் கொலையாளி என்று கூண்டிலேற்றுவதற்கு 1860-ஆம் ஆண்டின் தண்டச்சட்டமே போதுமாயிருந்ததை மரக்காண வழக்கே காட்டியிருந்தது. போதாமலிருந்தது ஒறுப்பன்று, பிடிபடுவோம் என்னும் அச்சம்.

ஒறுப்பைக் கூட்டினால் சாவு குறையுமென்போர் குசராத்தைப் பார்க்கட்டும். 1960-இல் அம்மாநிலம் பிறந்த நாள்தொட்டு அங்கு மதுவிலக்கு. 2009-இல் அதன் சட்டமன்றம், கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவனுக்குத் தூக்கு என்றே சட்டம் இயற்றிற்று. அத்தூக்குக்கயிறு தொங்கிக் கொண்டிருக்கும்போதுதான் 2022 சூலையில் போட்டாடு மாவட்டத்துச் சிற்றூர்களில் நாற்பதின்மருக்கு மேல் மாண்டனர். அங்கும் மெத்தனாலே, அங்கும் அது வெளியேறியது ஓர் ஆலையிலிருந்தே. பீகாரில் 2016-இல் முழுமதுவிலக்கு வந்தது. 2022 திசம்பரில் சாரண் மாவட்டத்தில் சாவுகள் குவிந்தன. அச்சட்டத்தால் அங்குள்ள உயர் நயன்மன்றத்தில் பிணைமனுக்கள் மலைபோல் சேர்ந்துவிட்டன என்று இந்திய உச்ச நயன்மன்றத்தின் தலைமை நடுவரே 2021-இல் வருந்த நேர்ந்தது.

இனி, ஒறுக்கும் கையின் மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும். 1983-இல் தோன்றிய டாசுமாக்கு, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்கையில் எடுத்துக்கொண்டது. 2022–23-இல் அதனால் அரசுக்கு வந்த வருவாய் 44,121 கோடி உருபா. 2023–24-இல் 45,855 கோடி. 2024–25-இல் 48,344 கோடி. மரக்காணச் சாவுக்கும் கருணாபுரச் சாவுக்கும் இடையிலும் அவற்றுக்குப் பின்னும் கருவூலம் ஒரு படியும் இறங்கவில்லை. 2023 சூனில் ஐந்நூறு கடைகள் மூடப்பட்டனவே என்பர், மூடப்பட்டது மெய்தான், வருவாய் ஏறியதும் மெய்தான். இலக்கு வைத்து விற்கும் அரசுக்கு, விற்பவனைக் குற்றவாளியென்று சுட்டும் அறத்தகுதி எங்கிருந்து வரும்?

எயிற்பட்டினம் என்று கழகக்காலத்தார் சொன்ன ஊர் இம்மரக்காணமே என்பர் ஆய்வாளர். அங்குள்ள நுளையர்மகள் வடித்த கள்ளைப் பரதவர் பாணர்க்கு வார்த்துச் சுட்ட மீனோடு விருந்தளித்தனர் என்பது சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி. அக்கள் பனையிலும் நெல்லிலும் பிறந்தது. வார்த்தவர் முகம் குடித்தவர்க்குத் தெரியும். 1987 முதல் தமிழ்நாட்டில் பனங்கள்ளும் குற்றம். சாலைவழியே தெற்கே போனால் புதுவையில் அதே கள் சட்டத்துக்கு உட்பட்ட வணிகம். சாராயத்தையோ அங்கே அரசின் ஆலையே வடிக்கின்றது. பிரஞ்சுக்காரன் கீறிவிட்டுப்போன கோடு, 1954-க்குப் பின்னும் அழிக்கப்படாமல் தமிழ்நிலத்தின் குறுக்கே கிடந்து, கோட்டுக்கு அப்பால் வணிகனாயிருப்பவனை இப்பால் கயவனாக்குகின்றது. ஒரே மொழி, ஒரே குருதி, ஒரே கடற்கரை. குற்றம் மட்டும் இரண்டு!

அப்படிப் பிடிபடுவோரை உசாவாமலே ஓராண்டுவரை அடைத்து வைப்பதற்கு 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் இருக்கின்றது. குண்டர் சட்டம் என்று நாட்டில் வழங்கும் அதன் முழுப்பெயரில் முதற்கண் நிற்பவர் குண்டர் அல்லர், கள்ளச்சாராயரே. தடுப்புக்காவலில் கிடப்போர் தொகையில் இந்தியாவிலேயே தமிழ்நாடு முன்னிற்பதை நடுவணரசின் அண்மையாண்டுச் சிறைக்கணக்குகள் காட்டுகின்றன. உசாவலின்றி அடைக்கும் சட்டம் கையிலிருக்கும்போது, ஆலைவரை சென்று சான்று திரட்டும் உழைப்பு எந்தக் காவலர்க்கு வேண்டும்? எளியவனை உள்ளே தள்ளிக் கணக்குக் காட்டிவிட்டால் கடமை முடிந்தது.

எல்லாவற்றினும் கொடியது வேறொன்று. மதுவிலக்குச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, விற்றவனோடு குடித்தவனையும் குற்றவாளியாக்குகின்றது. மெத்தனால் குடித்தவுடனே கொல்வதன்று. உடலுக்குள் சென்றபின் சில மணிநேரங் கழித்தே அது கொடிய காடியாக மாறிக் கண்நரம்பைக் கருக்கி, மூச்சை முறிக்கின்றது. அந்த இடைவேளையில் மருத்துவமனை சேர்ந்தவனைப் போமிபிசோல் என்னும் மாற்றுமருந்தாலும் குருதித்தூய்மையாலும் காப்பாற்றலாம். உயிரைக் காக்கும் அந்த மணிநேரங்களில், 'எதைக் குடித்தாய்?' என்று மருத்துவர் கேட்கும்போது, உண்மையைச் சொன்னால் வழக்கு வருமோ என்று ஒருவன் அஞ்சி வாய்மூடினால், அவனைக் கொன்றது நஞ்சு மட்டுமா? கருணாபுரத்தில் முதற்சாவுகள் விழுந்தபோது காரணம் கள்ளச்சாராயம் அன்றென்று அலுவலரே மறுத்துரைத்ததையும், அச்சொல்லை நம்பி மேலும் பலர் அதையே குடித்ததாக எழுந்த குற்றச்சாட்டையும் நாடு மறந்திருக்காது.

உப்பளத்துக்கு வருவோம். மரக்காணத்துப் பாத்திகளில் வெறுங்காலோடு நின்று உப்பு வாரும் ஆணும், அதைத் தலைச்சுமையாகக் கரையேற்றும் பெண்ணும், ஐப்பசி மழை தொடங்கியதும் வேலையற்றுப் போகின்றனர். அம்மழைக்காலத்துக்கென அரசு 2022 முதல் குடும்பத்துக்கு ஐயாயிரம் உருபா தருகின்றது. மூன்று திங்களுக்கு ஐயாயிரம்! நஞ்சு குடித்துச் செத்தால் பத்து இலக்கம். செத்தவர் குடும்பத்துக்குக் கொடுத்ததைக் குறைசொல்வது கல்நெஞ்சம். அக்கைம்பெண்களுக்கு அது தகும். உயிரோடிருக்கும்போது அவர்கள் கணவன்மார்க்கு அரசு இட்ட விலை எவ்வளவு என்பதே கேட்கத்தக்கது. டாசுமாக்குக் குப்பியின் விலை எட்டாதவன், அரைநாட் கூலிக்குள் அடங்கும் நெகிழிப்பையைத் தேடிப் போகின்றான். அவ்விலை வேற்றுமையை உண்டாக்கியதும் கருவூலமே. உப்பைப் பற்றிய ஆளுமையைத் தில்லி தன் பட்டியலில் வைத்துக்கொண்டிருக்கின்றது. சாராயத்தைப் பற்றிய ஆளுமை சென்னையிடம் இருக்கின்றது. உப்பளத்தானைப் பற்றிய பொறுப்பு எவர் பட்டியலில் என்றுதான் தெரியவில்லை.

முழுமதுவிலக்கே மருந்து என்று நம்மவரிலேயே பலர் முழங்குகின்றனர். அவர்தம் நோக்கம் தூயது. எனினும் கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவர், அப்பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் குடிப்பவனை அரசன் சிறையிலிட வேண்டுமென்று சொல்லவில்லை. தாய்முகத்தைக் காட்டினார், நாணத்தைக் காட்டினார், ஊர் நகைப்பதைக் காட்டினார். அரசனின் ஒறுப்பைச் செங்கோன்மையில் வைத்து, கொடியோரை ஒறுத்தலைப் பயிர்நடுவே களைபறித்தலுக்கு ஒப்பிட்டார். களையென்று அவர் சொன்னது கொடியோரை. குடித்துக் கெட்டவன் பயிரைச் சேர்ந்தவன். களைக்கொட்டு அவன்மேல் விழுவது வேளாண்மையன்று.

எனவே முதலில் மாற்றவேண்டியது, குடித்தவனைக் குற்றவாளியாக்கும் அந்தச் சொல். எதைக் குடித்து வந்தாலும் மருத்துவமனை வாயிலில் வழக்கில்லை என்னும் உறுதி குப்பத்துக் குப்பம் பறையறைந்து சொல்லப்படல் வேண்டும். அடுத்து, மெத்தனால் ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பீப்பாய்க்கும், வாங்கியவன் பயன்படுத்தி முடிக்கும்வரை, விற்ற ஆலையும் உடைந்தையாகப் பொறுப்பேற்க வேண்டும். கண்ணைமூடியிருந்த அலுவலர்க்குப் பணியிடை நீக்கம் என்பது ஓய்வு. அவர்களும் கூண்டில் நிற்கட்டும். கருணாபுர வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நயன்மன்றம் நடுவண் புலனாய்வுத்துறைக்கு மாற்றியதே, தமிழ்நாட்டுக் காவல்துறைமீது தமிழ்நாட்டு மன்றமே நம்பிக்கை இழந்ததைக் காட்டும் வெட்கக்கேடு. தன் இனத்தான் சாவைத் தானே துப்புத்துலக்க முடியாத அரசு, தன்னாட்சி பேசுவது எங்ஙனம்?

2024 சூலை முதல்நாள் தில்லி, வெள்ளையன் தண்டச்சட்டத்தை நீக்கிவிட்டதாகச் சொல்லி, வாயில் நுழையாத வடமொழிப் பெயரொன்றை அதன் இடத்தில் வைத்தது. பெயர் மாறிற்று, உப்பளத்தான் நின்ற கூண்டு மாறவில்லை. 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும், சென்னை உயர் நயன்மன்றத்தில் தமிழுக்கு இன்றும் இசைவில்லை. எக்கியார்குப்பத்துக் கைம்பெண் ஒருத்தி தன் கணவனைக் கொன்றவர் வழக்கு எங்கே நிற்கின்றது என்று அறிய அம்மன்றத்தின் படியேறினால், அவள் கேட்கப்போவது அவளுக்குத் தெரியாத ஆங்கிலத்தை. அவளுக்குச் சொல்லவேண்டிய விடையைத் தமிழில் எழுதிக் கொடுக்க எந்த அலுவலகமும் இதுவரை முன்வரவில்லை.