தண்ணீர் பம்ப் மீது நிற்கும் எஞ்சின்

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் 1935 ஃபோர்டு கார் ஒன்றைச் சீர்செய்து வருகிறான். "சார், எஞ்சின் ரொம்ப சூடாகுது. கழற்றிப் போட்டுட்டு 1946 எஞ்சின் வைக்கப் போறேன். அதுவும் பிளாட்ஹெட் வி8 தானே, அப்படியே உட்கார்ந்துடும்" என்று எழுதியிருந்தான். உட்காராது. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்த எஞ்சினில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கின்றன. எரிந்த புகை தண்ணீர் அறைகளுக்கு நடுவே புகுந்துதான் வெளியே வர வேண்டும். நம் வீடுகளில் இருந்த செம்பு பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர். சூடாகாமல் என்ன செய்யும்?

1932 முதல் 1936 வரை இரண்டு பம்ப்களும் சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில் இருந்தன. சூடேறி மேலே வந்த தண்ணீரை இழுப்பதுதான் அவற்றின் வேலை. 1937இல் அவற்றை பிளாக்கின் முன்பக்கம் இறக்கினார்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து வரும் ஆறிய தண்ணீரை அவை உள்ளே தள்ளின. ஐந்து வருடம் கழித்துத் திருத்திய விடைத்தாள் என்றாலும் முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் கூடவே இன்னொன்றும் செய்தார்கள். எஞ்சினின் முன்பக்கத் தாங்கியையும் பம்ப்பின் உடலோடு சேர்த்து வார்த்துவிட்டார்கள். பம்ப்பின் அடியில் ரப்பர், அதற்குக் கீழே சட்டத்தின் குறுக்குச் சட்டம். எஞ்சினின் முன்பாரம் முழுவதும் இரண்டு பம்ப்கள் மீது! இது எனக்குப் பிடிக்கவில்லை. பம்ப் தேயும் பொருள், ஒழுகும் பொருள். அதைக் கழற்ற வேண்டுமானால் முதலில் ஜாக்கி வைத்து எஞ்சினைத் தாங்க வேண்டும். அவசரத்தில் மறந்தால் கை போய்விடும். ஒரு வார்ப்பு மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் மெக்கானிக்கை நினைக்கவில்லை.

1935 எஞ்சினின் தாங்கிக்கும் பம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே 1946 எஞ்சினை வைக்க, முன்பக்கத் தாங்கிக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். அதற்காகச் சட்டத்தை வெட்டினால், வெட்டிய சட்டம் வெட்டியதுதான்.

அதற்கு முன் தண்ணீர் அறைகளைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். வார்ப்பு மணலும் துருவும் இந்த பிளாக்குகளில் அடைந்துகிடப்பது வழக்கம். ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவட்டும், இக்னிஷன் டைமிங்கையும் பார்க்கட்டும். பெரும்பாலும் பழி பம்ப் மீது விழுகிறது, குற்றம் வேறிடத்தில் இருக்கிறது.

பயல் இன்னும் பதில் போடவில்லை. அந்த எஞ்சின் காயலான் கடைக்குப் போவதற்குள் படித்துவிட்டால் சரி.