வாடகை முகவரியில் குடியிருக்கும் இலக்கியம்

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடி, கடந்த இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த சுட்டிகளை ஒழுங்குபடுத்த முற்பட்டோம். சிறுகதைகள், மொழிபெயர்ப்புகள், நேர்காணல்கள் என்று ஒரு காலத்தில் ஆவலுடன் தொகுத்த பட்டியல் அது. ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தபோது எஞ்சியது ஏமாற்றமே. சில பக்கங்கள் காணப்படவில்லை என்றன. சிலவற்றுக்கு வழங்கியே இல்லை. நாங்கள் பெரிதும் மதித்த ஒரு சிற்றிதழின் முகவரியிலோ இன்று சூதாட்ட விளம்பரம் மின்னுகிறது. கவிதை மொழிபெயர்ப்புகள் இருந்த இடத்தில் சீட்டுக்கட்டு! அவ்விதழை நடத்தியவர்கள் அதை எவருக்கும் விற்கவில்லை. ஓராண்டுக் கட்டணத்தைச் செலுத்தத் தவறினார்கள், அவ்வளவே.

இது எங்கள் பட்டியலின் துரதிருஷ்டம் மட்டுமன்று. 2013-ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை மறைந்தால் அதைப் பற்றிப் பேசும் பத்துக் கட்டுரைகளேனும் மிஞ்சும். தமிழில் பல வேளைகளில் அந்த ஒன்றுதான் இருந்தது.

தளப்பெயரை 'வாங்கினோம்' என்கிறோம். பிழை இச்சொல்லிலேயே தொடங்குகிறது. எவரும் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களை ஒரே முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்ய இயலும். கெடு முடிந்தபின் பதிவு நிறுவனம் 45 நாட்கள் வரை பொறுக்கலாம்; பொறுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீக்கப்பட்ட பின் 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் தண்டம் செலுத்தினால். அதன்பின் 5 நாட்கள் கழித்து அப்பெயர் சந்தைக்கு வந்துவிடும். நினைவூட்டல் மடல்களோ பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குப் போகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்த முகவரியை இன்றும் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

கைவிடப்பட்ட ஓர் இலக்கியப் பெயரைச் சூதாட்டக்காரர் ஏன் நாடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு தளத்தின் மதிப்பைப் பிற தளங்கள் அதற்களிக்கும் சுட்டிகளைக் கொண்டு அளக்கும் முறையை முன்வைத்தே 1998-இல் கூகிள் பிறந்தது. நல்ல கதையொன்றைப் படித்த மகிழ்ச்சியில் நாம் கொடுத்த சுட்டிகள்தாம் அப்பெயருக்கு விலையை உண்டாக்கின. ஆகவே விலைபோனது இதழாசிரியரின் உழைப்பு மட்டுமன்று. வாசகரின் அன்பும் சேர்ந்தே விலைபோயிற்று. காலாவதியான பெயர்களை இவ்வாறு பயன்படுத்துவதைக் குப்பை என வகைப்படுத்தி 2024 மார்ச்சில் கூகிள் விதி வகுத்தது. நல்லதே. எனினும் தேடுபொறி புதியவரைத் தண்டிக்கலாம். பழைய கவிதையைத் திருப்பித் தரமாட்டாது.

தமிழிலேயே முகவரி அமையும் வசதி வந்துவிட்டதே என்று சிலர் மகிழக்கூடும். .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை 2010, 2011-ஆம் ஆண்டுகளில் வேர்ப்பட்டியலில் ஏறியபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆயின் கதவில் பெயர்ப்பலகை எம்மொழியில் இருந்தாலும் வாடகை வாடகைதான்.

வாடகை வீட்டின் சொந்தக்காரரே மாறும் ஆபத்தும் உண்டு. அறநிறுவனங்களும் சிறு குழுக்களும் விரும்பித் தேர்ந்த டாட் ஆர்க் பெயர்களின் நிர்வாகத்தை, 113.5 கோடி டாலருக்கு ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க 2019 நவம்பரில் ஒப்பந்தமாயிற்று. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் 2020 ஏப்ரலில் ஐகான் அமைப்பு ஒப்புதல் மறுத்தது. அன்று குரல் கொடுத்தவர்கள் இருந்ததால் பிழைத்தோம்.

சொந்தப் பெயர் வேண்டாம், பெருநிறுவனங்களின் நிழலில் ஒதுங்குவோம் என்றால் அந்நிழலும் நிலைப்பதில்லை. தமிழர் பலர் தம் முதல் வலைப்பக்கத்தை அமைத்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற மடலாற்றுக்குழுக்கள் வளர்ந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நின்றன. அங்கிருந்த மடல்களை அதற்கு முன்பே அந்நிறுவனம் அழிக்கத் தொடங்கியிருந்தது. தமிழ்ச் சிறுகதை பற்றிய எத்தனையோ நல்ல விவாதங்கள் அத்தகைய மடல்களில்தாம் நடந்தன. மறைந்த பக்கத்தை எட்டிப் பார்க்க உதவிய கூகிளின் சேமிப்பு நகலும் 2024-இல் விடைபெற்றது.

அழியாமல் நின்றவற்றுக்கும் வேறொரு துயரம். தொண்ணூறுகளின் இறுதியிலும் அதற்குப் பின்னும் திஸ்கி, தாம், தாப் என்று பல குறியாக்கங்களில் தமிழ் வலையேறியது. பல இதழ்கள் தமக்கெனத் தனி எழுத்துருவே வைத்திருந்தன. உரிய எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கோ அது கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களின் குவியல். இன்று ஒருவர் ஒருங்குறியில் ஓர் எழுத்தாளரின் பெயரைத் தட்டினால், அவ்வாறு கிடக்கும் கட்டுரை வெளிப்படாது. அது இருந்தும் இல்லாதது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டதால் இன்றும் வாசிக்கப்படுகிறது. மாறாத தளங்கள் பூட்டிய அறைகளாகவே நிற்கின்றன.

எல்லாவற்றையும் காக்கத்தான் வேண்டுமா, மறதியும் ஒரு நன்மையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் இளமைக்கால எழுத்தை விலக்கிக்கொள்ள எழுத்தாளருக்கு உரிமையுண்டு. வாசகர் மறந்த எழுத்து தானாக மங்குவதும் இயல்பே. நாங்கள் மறுப்பது வேறொன்றை: எது நிலைக்க வேண்டும் என்பதைச் சுமார் ஆயிரம் ரூபாய்க் கட்டணமும் காலாவதியான ஒரு கடன் அட்டையும் முடிவு செய்வதை.

ஆகவே இதழ் நடத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. தளப்பெயரின் கடவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. குறைந்தது இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். இதழை நிறுத்த முடிவெடுத்தாலும் பெயரை உடனே கைவிடாமல், இயன்ற அளவு நீண்ட காலத்துக்குப் புதுப்பித்துவிட்டு நிறுத்துவது நலம். பழைய குறியாக்கப் பக்கங்களை மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு விடுமுறை மாதம் போதும். பதிப்பித்த ஒவ்வொரு பக்கத்தையும் இணைய ஆவணகத்தில் சேமிக்கக் கோரலாம். அதற்காக அதை மட்டுமே நம்பியிருக்கவும் வேண்டாம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகி அவ்வாவணகமும் சில நாட்கள் முடங்கியது. ஆண்டுக்கொரு முறை முழுத்தொகுப்பையும் ஒரே கோப்பாக்கி, விரும்பும் வாசகர் தரவிறக்கிக்கொள்ள வழிசெய்வதே பெரும் பாதுகாப்பு.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஓலைகள் செல்லரிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனால்தான் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். ஒரு வீட்டில் எரிந்த சுவடி மற்றொரு வீட்டில் கிடைத்தது அதனாலேயே. ஒரே ஏட்டை ஒரே வீட்டில், அதுவும் வாடகை வீட்டில் வைத்துவிட்டு, உலகமே படிக்கிறது என்று இறுமாந்திருந்தவர்கள் நாம்தாம்.

எங்கள் பட்டியலில் மறைந்துபோன அச்சிற்றிதழின் இரண்டு இதழ்களை நண்பரொருவர் முன்பே தம் கணினியில் சேமித்து வைத்திருந்தார். பிடித்திருந்தது, அதனால் சேமித்தேன் என்றார். அவ்விதழில் இன்று எங்களுக்கு எஞ்சியிருப்பது அவ்விரண்டுதான். உங்களுக்குப் பிடித்ததையும் இன்றே ஒரு படி எடுத்து வையுங்கள்.